முதலில் ஃபோகஸ், கடைசியில் பர்ஸ்ட்: ஆட்டோஃபோகஸையும் ஷட்டர் முறைகளையும் வரிசையாக அமைக்க ஒரு வழிகாட்டி

புதிய கேமரா கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் தேடுவது, பர்ஸ்ட் முறையில் (பொத்தானை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து எடுப்பது) நொடிக்கு எத்தனை படம் எடுக்கும் என்பதைத்தான். அந்த எண்ணை உச்சத்தில் வைத்துவிட்டு, பறக்கும் கொக்கைப் பார்த்துப் பொத்தானை அழுத்திப் பிடிப்பார்கள். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் 40 படமும் ஒரே அளவுக்கு மங்கலாக இருக்கும். ஃபோகஸ் தவறான இடத்தில் நிற்கும்போது வேகமாக எடுத்தால் தவறுதான் வேகமாகப் பெருகும்.

ஆகவே வரிசை முக்கியம். பொருள் நகர்கிறதா, சட்டத்துக்குள் (படத்தின் எல்லைக்குள்) எங்கே இருக்கிறது, எவ்வளவு ஷட்டர் வேகம் வேண்டும் என்ற மூன்றையும் முடிவு செய்த பிறகே எத்தனை படம் என்ற கேள்விக்கு வர வேண்டும். கேனான், நிக்கான், சோனி, ஃபூஜி என நிறுவனத்துக்கு ஏற்பப் பெயர்கள் மாறும். இந்த வரிசை மாறாது.

1. மெனுவைத் திறக்கும் முன்

மோட் டயல் முழு ஆட்டோவில் இருந்தால் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். முழு ஆட்டோவிலும் காட்சி முறைகளிலும் பல கேமராக்கள் ஃபோகஸ் பரப்பைத் தேர்ந்தெடுக்கவே விடாது. அந்த வரி மெனுவில் சாம்பல் நிறத்தில் கிடக்கும். புதியவர்கள் கேமரா பழுது என்று நினைத்துக்கொள்வார்கள். பி, ஏ, எஸ், எம் (கேனானில் ஏ, எஸ் என்பவை ஏவி, டிவி) இவற்றில் ஒன்றுக்குப் போங்கள்.

அடுத்து லென்ஸின் பக்கவாட்டைப் பாருங்கள். ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்), எம்எஃப் (கையால் திருப்பும் ஃபோகஸ்) என்ற சுவிட்ச் இருந்தால் அது ஏஎஃப் பக்கம் இருக்க வேண்டும். நீண்ட டெலி லென்ஸ்களில் இன்னொரு சுவிட்ச் இருக்கும்: ஃபோகஸ் எந்தத் தூரத்திலிருந்து தேட வேண்டும் என்று வரம்பு கட்டுவது. தூரத்துப் பறவைக்காக அதை மாற்றிவிட்டு மறந்துபோனால், பிறகு அருகில் வரும் ஓணானை லென்ஸ் பிடிக்கவே பிடிக்காது.

மூன்றாவதைத்தான் அநேகமாக யாரும் செய்வதில்லை. வியூஃபைண்டர் அருகே, கண் பார்வைக்கு ஏற்பத் திருப்பும் சிறு சக்கரம் ஒன்று உண்டு. உள்ளே தெரியும் எண்களும் எழுத்துகளும் கூர்மையாகும் வரை அதைத் திருப்புங்கள். காட்சியைப் பார்த்துத் திருப்பக்கூடாது. காட்சியே ஃபோகஸில் இல்லாமல் இருக்கலாம். எழுத்துகள் அப்படி மாறுவதில்லை. இதைச் செய்யாதவர்கள் சரியாக ஃபோகஸ் ஆன படத்தையும் மங்கல் என்று நம்பி லென்ஸைக் குறை சொல்வார்கள்.

2. பொருள் நிற்கிறதா, நகர்கிறதா?

ஆட்டோஃபோகஸ் முறை இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

நிற்கும் பொருளுக்கு ஒற்றை ஃபோகஸ்: நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-எஸ், கேனானில் ஒன் ஷாட். பொத்தானைப் பாதி அழுத்தினால் கேமரா ஃபோகஸைக் கண்டுபிடித்து, ஒரு பீப் ஒலியோடு அங்கேயே பூட்டிவிடும். விரலை எடுக்கும் வரை நகராது. கோபுரம், உணவுத் தட்டு, அமர்ந்திருக்கும் பாட்டி ஆகியவற்றுக்கு இது போதும்.

நகரும் பொருளுக்குத் தொடர் ஃபோகஸ்: ஏஎஃப்-சி, கேனானில் சர்வோ. பாதி அழுத்தியிருக்கும் வரை கேமரா தூரத்தை அளந்துகொண்டே இருக்கும். ஷட்டர் திறக்கும் நொடியில் பொருள் எங்கே இருக்கும் என்று முன்கூட்டிக் கணக்கும் போடும். இந்த முறையில் பூட்டல் கிடையாது என்பதால் பல கேமராக்களில் பீப் ஒலியும் வராது. ஒலி வரவில்லையே என்று பதறி மறுபடி ஒற்றை முறைக்கு ஓடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

ஏன் இந்த வேறுபாடு? மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் உங்களை நோக்கி வரும் ஸ்கூட்டர் நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் நகர்கிறது. ஒற்றை முறையில் ஃபோகஸைப் பூட்டி, அரை நொடி தயங்கி அழுத்தினால், வண்டி பூட்டிய இடத்தைவிட்டு 4 மீட்டர் முன்னால் வந்துவிட்டது. கூர்மையாக இருப்பது அதற்குப் பின்னால் உள்ள தார்ச்சாலை.

இரண்டுக்கும் நடுவே, கேமராவே முடிவெடுக்கும் முறை ஒன்றும் உண்டு (ஏஎஃப்-ஏ, கேனானில் ஏஐ ஃபோகஸ்). பொருள் நகரத் தொடங்கியதை அது உணர்ந்து மாறுவதற்குள் தருணம் போய்விடும்; நிற்கும் பொருளையும் சில சமயம் நகர்வதாக நினைத்து விட்டுவிடும். என் கருத்தில் அதைத் தொட வேண்டியதே இல்லை. சந்தேகமாக இருந்தால் ஏஎஃப்-சியில் விடுங்கள்.

இங்கே ஒரு குழப்பம். நிக்கானின் பல லென்ஸ்களின் மீது ஏஎஃப்-எஸ் என்று அச்சிட்டிருக்கும். அது லென்ஸுக்குள் உள்ள மோட்டாரின் வகையைக் குறிப்பது. அந்த லென்ஸில் ஏஎஃப்-சி தாராளமாக வேலை செய்யும்.

3. சட்டத்துக்குள் எங்கே?

ஃபோகஸ் முறை எப்போது என்பதைச் சொல்கிறது. ஃபோகஸ் பரப்பு எங்கே என்பதைச் சொல்கிறது. கெட்ட படங்களில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் கெடுகிறது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று பாருங்கள். மஞ்சள் மூக்கு நாரை ஒன்று அலகில் குச்சியோடு, ஏரிக்குள் நிற்கும் மரத்தின் கூட்டுக்கு இறங்குகிறது. வானத்தில் இருக்கும் வரை கேமரா அதை நன்றாகப் பின்தொடர்கிறது. மரத்தை நெருங்கியதும், பறவைக்கு முன்னால் நீண்டிருக்கும் ஒரு கிளைக்கு, ஃபோகஸ் இருக்கும் இடத்தைக் காட்டும் பச்சைக் கட்டம் தாவிவிடுகிறது. படத்தைப் பெரிதாக்கினால் இலை நரம்புகளை எண்ணலாம். நாரை வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு தீற்றல்.

கேமரா இங்கே முட்டாள்தனம் எதுவும் செய்யவில்லை. முழுச் சட்டத்தையும் பரப்பாகக் கொடுத்தால், தெளிவான விளிம்புகளோடு அருகில் இருப்பதைப் பிடிப்பதுதான் அதன் பொதுவான இயல்பு. எது முக்கியம் என்று நீங்கள் சொல்லவில்லை, அது ஊகித்துக்கொண்டது.

ஆகவே பரப்பைத் தேர்ந்தெடுக்க என் விதி இது: பொருளுக்கு முன்னால் இடைஞ்சல் இருந்தால் பரப்பைச் சிறிதாக்குங்கள், பின்னால் வெறும் வானம் இருந்தால் பெரிதாக்குங்கள். கூட்டில் நிற்கும் பறவைக்கு ஒற்றைப் புள்ளி. வானத்தில் பறப்பதற்கு மண்டலம் (பல புள்ளிகள் சேர்ந்த பகுதி) அல்லது அகன்ற பரப்பு. ஏனென்றால் பறக்கும் பறவையின் மேல் ஒரு சிறு புள்ளியை விடாமல் நிறுத்தி வைக்க பழகிய கையாலும் கடினம். இரண்டுக்கும் இடைப்பட்டதாக, நீங்கள் தேர்ந்த புள்ளி தவறினால் சுற்றியுள்ள புள்ளிகள் உதவிக்கு வரும் முறையும் உண்டு (நிக்கானில் டைனமிக், சோனியில் எக்ஸ்பாண்ட் ஸ்பாட்). கபடி, கால்பந்து போன்றவற்றுக்கு அதுவே நல்ல தொடக்கம்.

ஒற்றைப் புள்ளியை எப்போதும் நடுவிலேயே வைத்து, ஃபோகஸைப் பூட்டியபின் கேமராவைத் திருப்பிச் சட்டம் அமைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கோபுரத்துக்கு அது பரவாயில்லை. அருகில் இருந்து எடுக்கும் முகத்துக்கு ஆபத்து. முழுச்சட்ட கேமராவில் 85 மி.மீ. லென்ஸ், எஃப்/1.8 துளை (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் திறப்பு), 2 மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக விழும் ஆழம் மொத்தம் ஏறத்தாழ 6 செ.மீ. பூட்டியபின் 10 டிகிரி திருப்பினாலே ஃபோகஸ் தளம் சுமார் 3 செ.மீ. பின்னால் போய்விடும். கண்ணில் வைத்த ஃபோகஸ் காதுக்குப் போவது இப்படித்தான். புள்ளியையே முகத்துக்கு நகர்த்துங்கள். பின்புறம் உள்ள ஜாய்ஸ்டிக்கோ நான்குதிசைப் பொத்தானோ அதற்காகத்தான் இருக்கிறது.

புள்ளியை எங்கே வைத்தாலும் அங்கே ஒரு விளிம்போ கோடோ நிறமாற்றமோ இருக்க வேண்டும். வெள்ளைச் சுவர், கசங்காத வேட்டி, பனிமூட்டம் ஆகியவற்றில் லென்ஸ் முன்னும் பின்னுமாக அலைந்துகொண்டே இருக்கும். வேட்டியின் கரைக்குப் புள்ளியை நகர்த்தினால் உடனே பிடிக்கும்.

4. முகம், கண், பறவை அறிதல்

மிரர்லெஸ் கேமராவில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். உருவப்படத்தில் அதை வெல்லும் கை அபூர்வம். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, எதைத் தேட வேண்டும் என்ற தேர்வு. மனிதர் என்று இருந்தால் பல கேமராக்கள் பறவையின் கண்ணைத் தேடாது. திருமண மண்டபத்திலிருந்து மறுநாள் ஏரிக்குப் போகிறவர் மாற்ற மறப்பது இதைத்தான். இரண்டு, கேமராவுக்குக் கல்முகமும் முகமே. கோயில் மண்டபத்தில் மணமக்களை எடுக்கும்போது தூணில் உள்ள சிற்பத்தின் முகத்தில் கட்டம் உட்கார்ந்துகொள்ளும். அப்போது பரப்பைச் சிறிதாக்கி மணமக்கள் மேல் வைத்தால், பெரும்பாலான கேமராக்கள் அந்தப் பரப்பிலும் அதை ஒட்டியும் இருக்கும் முகத்தைத்தான் எடுத்துக்கொள்ளும்.

குழுப் படத்தில் கண் அறிதல் ஒரே ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்கும். மூன்று வரிசை உறவினர்களை எடுக்க அதை நம்பாமல், ஒற்றைப் புள்ளியை முதல் வரிசைக்குச் சற்றுப் பின்னால் இருப்பவர் மீது வைத்து, துளையை எஃப்/8 அளவுக்குச் சுருக்குங்கள்.

5. பின்பொத்தான் ஃபோகஸ்: இப்போதே வேண்டுமா?

ஷட்டர் பொத்தானிலிருந்து ஃபோகஸைப் பிரித்து, பின்னால் உள்ள ஏஎஃப்-ஆன் பொத்தானுக்குக் கொடுத்துவிடலாம். கட்டைவிரல் அழுத்தியிருந்தால் தொடர் ஃபோகஸ், எடுத்துவிட்டால் பூட்டியதாகிவிடும். ஏஎஃப்-சியிலேயே இருந்துகொண்டு இரண்டு வேலையையும் பார்க்கலாம் என்பதே இதன் லாபம்.

பழகிய பின் திரும்பிப் போக மனம் வராது. ஆனாலும் தொடக்கத்திலேயே வேண்டாம் என்பேன். அவசரத்தில் கட்டைவிரல் மறந்துபோகும். கேமராவை இன்னொருவரிடம் கொடுத்து “எங்களை ஒரு படம் எடுங்கள்” என்றால், அவருக்கு அந்தப் பொத்தானைப் பற்றித் தெரியாது; வருகிற படம் எல்லாம் மங்கலாகவே இருக்கும்.

6. ஷட்டர் வேகம்

நடப்பவருக்கு 1/250, ஓடும் குழந்தைக்கு 1/500, கபடிக்கு 1/800 முதல் 1/1000, பறக்கும் பெரிய பறவைக்கு 1/2000 நொடி. இவை தொடங்குவதற்கான எண்கள். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறன் அளவை) உயர்த்துங்கள். புள்ளிப்புள்ளியாக இரைச்சல் ஏறிய படத்தைப் பின்னர் ஓரளவு துப்புரவாக்கலாம். அசைவில் கலங்கிய படத்தை எதுவும் செய்ய முடியாது.

7. இப்போது டிரைவ் முறை

டிரைவ் முறை என்பது ஒருமுறை அழுத்தினால் கேமரா என்ன செய்ய வேண்டும் என்பது. ஃபோகஸ் முறையும் இதுவும் தனித்தனி அமைப்புகள். ஏஎஃப்-சி வைத்தால் தானாகத் தொடர்ந்து படம் எடுக்கும் என்றும், பர்ஸ்ட் வைத்தால் தானாக ஃபோகஸ் பின்தொடரும் என்றும் நினைப்பது மிகப் பரவலான தவறு. ஒற்றை ஃபோகஸோடு பர்ஸ்ட் வைத்தால், முதல் படத்துக்குப் பூட்டிய தூரத்திலேயே மற்ற எல்லாப் படமும் விழும்.

ஒற்றைப் படம்: அசையாத எல்லாவற்றுக்கும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் முன் யோசிக்க வைக்கும்.

மெதுவான தொடர் (நொடிக்கு 3 முதல் 5): பலர் தாண்டிப்போகும் இதுதான் எனக்குப் பிடித்தது. மேடைப் பேச்சு, குழந்தையின் சிரிப்பு, கண் சிமிட்டும் குழுப் படம் ஆகியவற்றுக்கு இது போதும். குப்பையும் குறைவு.

வேகமான தொடர்: உச்சத் தருணம் அரை நொடிக்குள் முடியும் காட்சிகளுக்கு மட்டும். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காமல், தருணத்துக்குச் சற்று முன்பு தொடங்கி அரை அல்லது முக்கால் நொடியில் விரலை எடுங்கள். காரணம் எளிய கணக்கு. 25 எம்பி ரா கோப்பு (கேமரா சுருக்கிப் பதப்படுத்தாத மூலப்படம்), நொடிக்கு 10 படம் என்றால் நொடிக்கு 250 எம்பி. யுஹெச்எஸ்-1 வகை எஸ்டி கார்டின் உச்ச வரம்பே நொடிக்கு 104 எம்பி. மிச்சம் கேமராவின் இடைநினைவகத்தில் தேங்குகிறது. அது நிரம்பியதும் கேமரா திணறி ஒன்றிரண்டாக எடுக்கத் தொடங்கும். நாரை கூட்டில் கால் வைப்பது சரியாக அந்த நேரத்தில்தான் நடக்கும். வேகமான கார்டு வாங்குவது, ஜேபெக்கில் எடுப்பது, சின்னச் சின்ன பர்ஸ்ட்களாக எடுப்பது என மூன்று வழிகள் உண்டு. மூன்றாவதற்குக் காசு தேவையில்லை.

உச்ச வேகத்துக்கு வேறொரு விலையும் உண்டு. சில கேமராக்களில் அந்த நிலையில் முதல் படத்தோடு ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். ஒலிம்பஸ் கேமராக்களில் ‘ஹெச்’ என்ற வேகத்தில் அப்படித்தான். ‘எல்’ வேகத்தில்தான் பின்தொடரும். உங்கள் கேமராவின் கையேட்டில் இந்த ஒரு வரியை மட்டுமாவது தேடிப் படியுங்கள்.

செல்ஃப் டைமர்: 10 நொடி நீங்களும் படத்தில் நிற்க, 2 நொடி முக்காலியில், விரல் அழுத்திய அதிர்வு அடங்க. பெரும்பாலான கேமராக்கள் அழுத்தும் கணத்திலேயே ஃபோகஸைப் பிடித்துவிடும், படம் எடுக்கும் கணத்தில் அல்ல. லென்ஸுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு அழுத்தினால் உங்கள் சட்டைப் பொத்தான்மீதுதான் ஃபோகஸ் விழும். கேமராவுக்குப் பின்னால் இருந்து, ஏற்கெனவே நிற்கும் ஒருவர் மீது ஃபோகஸ் வைத்து அழுத்துங்கள்.

பிராக்கெட்டிங்: வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படம். பயன்படுத்தினால் முடித்தவுடன் அணைத்துவிடுங்கள். மறுநாள் ஒரு படம் வெளுத்தும் ஒன்று இருண்டும் வந்தால், வெளிச்சமானியைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள்.

8. மெக்கானிக்கல் ஷட்டரா, மின்னணு ஷட்டரா?

சபாவில் பரதநாட்டியம் எடுக்கப் போகிறவர், ஓசை வரக்கூடாது என்று மின்னணு ஷட்டருக்கு (அசையும் திரை இல்லாமல் படம் எடுப்பது) மாறுவார். நல்ல எண்ணம்தான். ஆனால் மேடையில் எல்இடி விளக்குகள் இருந்தால், நடனமணியின் முகத்தின் குறுக்கே கிடைக்கோடுகளாகக் கருப்புப் பட்டைகள் விழலாம்.

காரணம், சாதாரண மின்னணு ஷட்டர் உணரியை (சென்சாரை) மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. பல கேமராக்களில் இதற்கு ஏறத்தாழ 1/15 முதல் 1/60 நொடி வரை ஆகும். அதற்குள் விளக்கு பலமுறை துடித்துவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் நேரடியாக எரியும் விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50க்கு இறக்கினால் பட்டைகள் பெரும்பாலும் மறையும். ஆனால் அந்த வேகத்தில் தட்டடவு கலங்கும். நிலை பிடித்து நிற்கும் தருணங்களுக்கு மின்னணு ஷட்டர், துள்ளலுக்கு மெக்கானிக்கல் என்று பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். எல்இடித் திரைகளும் மங்கலாக்கும் வசதியுள்ள விளக்குகளும் வேறு வேகத்தில் துடிக்கும். நிகழ்ச்சி தொடங்கும் முன் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இப்படி வரிவரியாகப் படிப்பதால் வேகமாக நகரும் பொருள் வளைந்தும் பதிவாகலாம். 1/8000 வைத்தால் அந்த வளைவு வராது என்று நம்புகிறவர்கள் உண்டு. வரும். ஷட்டர் வேகம் ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு நேரம் வெளிச்சம் என்பதைத்தான் மாற்றுகிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையிலான இடைவெளியை மாற்றுவதில்லை. வேகமாகச் சுழற்றிய கிரிக்கெட் மட்டை வளைந்து தெரிவது அதனால்தான். சோனி ஏ9-3 போல உணரி முழுவதையும் ஒரே நேரத்தில் படிக்கும் கேமராக்களில் இந்தச் சிக்கல் இல்லை. நிக்கான் இசட்9 போல மிக வேகமாகப் படிப்பவற்றில் இது பெரிதும் குறைவு. அதில் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது.

ஃபிளாஷ் எரியவில்லை என்றாலும் முதலில் இங்கே வாருங்கள். மின்னணு ஷட்டரில் பல கேமராக்கள் ஃபிளாஷை அனுமதிப்பதில்லை.

9. பின்தொடரும் பிடிவாதம், எடுக்கும் முன்னுரிமை

இது இரண்டாம் கட்டம். முதல் எட்டும் கைவந்த பிறகு தொடுங்கள்.

பொருளுக்குக் குறுக்கே எதுவும் வந்தால் கேமரா எவ்வளவு நேரம் பழைய பொருளையே பிடித்திருக்க வேண்டும் என்று அமைக்கலாம். கபடியில் நடுவர் குறுக்கே போவார். பிடிவாதம் கூடுதலாக இருக்கட்டும். அடுத்தடுத்து வரும் மிதிவண்டிப் பந்தய வீரர்களுக்குக் குறைவாக. அடுத்தவர் சொன்ன எண்ணை அப்படியே வைக்காதீர்கள்: நிக்கானில் 5 என்றால் தாமதமாக மாறும், சோனியில் 5 என்றால் உடனே மாறும். நேர் எதிர்.

முன்னுரிமை என்பது, ஃபோகஸ் கிடைக்காவிட்டாலும் படம் எடுக்கவா வேண்டாமா என்பது. பல நிக்கான் கேமராக்களில் ஏஎஃப்-எஸ்ஸுக்கு ஃபோகஸ் முன்னுரிமையும் ஏஎஃப்-சிக்கு வெளியீட்டு முன்னுரிமையும் (ஃபோகஸ் கிடைக்காவிட்டாலும் எடுப்பது) இயல்பாக இருக்கும். ஒன்றில் பொத்தான் வேலை செய்யாதது போலவும், மற்றதில் மங்கலான படங்கள் தாராளமாக வருவது போலவும் தோன்றுவது இதனால்.

10. படம் கெட்டால் எங்கே பார்ப்பது?

படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். முடிந்தால் ஃபோகஸ் புள்ளி எங்கே இருந்தது என்று காட்டும் வசதியையும் இயக்குங்கள். பிறகு பொருளைப் பார்க்காமல் அதன் முன்னும் பின்னும் பாருங்கள்.

வேறெங்கோ ஒரு புல்லோ கல்லோ கூர்மையாக இருந்தால் தவறு ஃபோகஸில். புள்ளி தவறான இடத்தில் இருந்தால் பகுதி 3. புள்ளி சரியாகப் பொருள்மீது இருந்தும் மங்கல் என்றால் பகுதி 2. சட்டத்தில் எதுவுமே கூர்மையாக இல்லை, எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது என்றால் கை அசைந்திருக்கிறது. பின்னணி கூர்மை, பொருள் மட்டும் ஒரு திசையில் இழுபட்டிருக்கிறது என்றால் ஷட்டர் வேகம் போதவில்லை. பறவையின் உடல் கூர்மையாக இருந்து இறக்கை நுனி மட்டும் கலங்கியிருந்தால் அதைத் தவறு என்று நான் எண்ணுவதில்லை.

வெயில் நேரத்தில் ஏரிக்கு அப்பால் உள்ள பறவை எப்படி எடுத்தாலும் அலையலையாகத் தெரிகிறதா? அது சூடான காற்று. எந்த அமைப்பும் உதவாது, காலையில் வாருங்கள்.

11. சேமித்து வைத்தல்

ஒவ்வொரு முறையும் இத்தனையும் மாற்ற முடியாது. டயலில் சி1, சி2 (நிக்கானில் யு1, யு2) இருந்தால் இரண்டு தொகுப்புகளைச் சேமியுங்கள். நிற்பவற்றுக்கு: ஏஎஃப்-எஸ், ஒற்றைப் புள்ளி, ஒற்றைப் படம். நகர்பவற்றுக்கு: ஏஎஃப்-சி, மண்டலம், வேகமான தொடர், 1/2000, தானியங்கி ஐஎஸ்ஓ. கூட்டில் நிற்கும் நாரை திடீரென்று பறந்தால் டயலை ஒரு சொடுக்கு திருப்பினால் போதும்.

சேமித்த தொகுப்பில் இருந்துகொண்டு நீங்கள் செய்யும் மாற்றங்கள் தற்காலிகமானவை. கேமராவை அணைத்தாலோ, சில கேமராக்களில் அது தானாக உறங்கி எழுந்தாலோ, சேமித்தபடி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கேனானில் மாற்றங்களைத் தானாகப் பதிவு செய்யும் தேர்வு மெனுவில் தனியாக உண்டு. அதை அணைத்தே வைத்திருப்பது நல்லது. ஏரிக்கரையில் அவசரத்தில் என்னென்னவோ மாற்றியிருந்தாலும், அணைத்துப் போட்டால் பழையபடி வந்து நிற்கும்.